கழனி வரப்பில் செண்டுமல்லி

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். நான் நர்சாக வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன். அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் கழனியை ஒட்டிய கழனிக்காரர். அறுபதைத் தாண்டியவர். அவர் முதுகில் ஓர் ஆள் சாய்ந்திருந்தார். விழாமல் இருப்பதற்காக இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தது. சாய்ந்திருந்தவரின் வாயிலிருந்து எச்சில் வடிந்து முன்னால் இருந்தவரின் சட்டைத் தோளை நனைத்திருந்தது. அது என் கணவர் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காலையிலேர்ந்து மருந்து அடிச்சிக்கினு இருந்தாரும்மா. திடீர்னு வரப்புல ஒக்காந்தாரு. கூப்டா பேச்சு வரல" என்றார் கழனிக்காரர். துண்டின் முடிச்சை அவிழ்க்க அவருக்கு வரவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

பூச்சி மருந்தால் விழுந்தவர்களை நான் இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். தெரிந்தே குடித்தவர்கள் உண்டு, தெரியாமல் மூச்சில் இழுத்தவர்கள் உண்டு. அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. அவர் இமையை விலக்கிப் பார்த்தேன். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. டாக்டர் ஓடி வந்து மாற்று மருந்தின் பெயரைச் சொல்லும்போதே நான் அதை உடைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நரம்பு கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, கை வழுக்கியது. டாக்டர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு முறை அவர் முயன்றும் கிடைக்காததால், மூன்றாவது முறை நானே குத்தினேன். கிடைத்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் கை பழக்கத்தில் தானாக வேலை செய்தது. பிறகு ஆம்புலன்சில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, சங்கராபுரத்தைத் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் கழனி. மாமனார் வழியில் வந்தது. கிணறும் மோட்டாரும் உண்டு. மேற்கே நிமிர்ந்தால் மலை தெரியும். கார்த்திகை மாதம் என்பதால் அன்று மலையை மேகம் மூடியிருந்தது. சம்பாப் பயிர் கதிர் விடும் நேரத்தில் புகையான் விழுந்திருந்தது. அரிசி மணியை விடச் சிறிய பழுப்புப் பூச்சி அது. பயிரின் அடித்தூரில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நான்கு நாளில் பச்சைப் பயிர் தீய்ந்தாற்போல் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். அதைக் கண்ட பதற்றத்தில் என் கணவர் முதல் நாள் பூராவும் மருந்து அடித்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போய் எங்கள் கழனியில் மிச்சத்தை முடித்தார். பிறகு, வயசாளி எப்படி மருந்து டேங்கைத் தூக்குவார் என்று பக்கத்துக் கழனிக்கும் அவரே அடித்துக் கொடுத்திருக்கிறார். எதிர்காற்று. மூக்கில் துண்டுகூடக் கட்டவில்லை. இதை எல்லாம் அந்தக் கழனிக்காரர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னார். தான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். அவர் பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருக்காவிட்டால் ஆள் வரப்பிலேயே போயிருப்பார் என்று நான் சொன்னேன்.

எட்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆபத்து நீங்கிவிட்டது என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பாதிரியார் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் நர்சாக இருந்தும் ஒன்றை நான் மறந்திருந்தேன். சில பூச்சி மருந்துகள் மூன்று வாரம் கழித்துத்தான் நரம்பில் வேலையைக் காட்டும்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். புது வேட்டி கட்டி, மெதுவாக என் பக்கத்தில் நடந்து வந்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பார்த்தால் அவர் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. வந்த வழியில் திரும்பிப் போய்ப் பார்த்தேன். தெருமுனையில், குழாயடிக்குப் பக்கத்தில் அது கிடந்தது. அங்கிருந்து கோயில்வரை ஜல்லி ரோடு. வெறுங்காலோடு அதில் நடந்து வந்திருக்கிறார், கல் குத்தியது தெரியவில்லை. பாதத்தில் ரத்தம் இருந்தது. பாட்டு தொடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் உள்ளே போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.

தை முடிவதற்குள் இரண்டு பாதமும் மரத்துப்போயின. இடது கால் தூக்கி வைக்க முடியாமல் தொங்கியது. நரம்பு டாக்டர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மாதக்கணக்காகும், கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அந்த வருடம் சம்பாவுக்கு அடுத்த நவரைப் போகத்துக்குக் கழனியில் ஒன்றும் வைக்கவில்லை. தரிசாகக் கிடந்தது. அவர் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி ஒரு ரப்பர் பந்தைக் காலடியில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார். நான் வேலைக்குப் போகும்போதும் உருட்டுவார், திரும்பும்போதும் உருட்டிக்கொண்டிருப்பார்.

குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று என் அண்ணன்கள் சொன்னார்கள். அவருக்கு மனசு வரவில்லை. ஆளை வைத்துப் பயிர் செய்யலாம், ஆனால் மருந்து யார் அடிப்பது என்று கேட்டேன். கூலிக்கு ஆள் கிடைப்பார்கள் என்றார். இன்னொரு வீட்டு ஆள் நம் கழனியில் விழுந்தால் அவரை நான் எப்படி ஊசி போட்டு அனுப்புவேன் என்று கேட்டேன். அவர் பந்தை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

எங்கள் நிலையத்துக்கு மாதா மாதம் பரிசோதனைக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வருவார். வேளாண்மை ஆபீசில் வேலை. இருபத்தெட்டு வயது இருக்கும். முதல் பிள்ளை. ஏழாம் மாதம் வந்தபோது, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே நான் அவர் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததால், என்ன அக்கா என்று கேட்டார். வீட்டு நிலைமையைச் சொன்னேன். அடித்த மருந்தின் பெயரைக் கேட்டார், அதையும் சொன்னேன். அவர் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு அதில் ஒரு கழனி வரைந்தார். சுற்றிலும் வரப்பு. வரப்பு நெடுகப் புள்ளி புள்ளியாக வைத்தார். அவை பூச்செடிகள் என்றார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்ன வேறு பூச்சிகள் இருக்கின்றன. சிலந்தி, பொறிவண்டு, தட்டான் எல்லாம் அந்தக் கணக்கு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகள் உண்டு. அவை புகையானின் முட்டைக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடும். பிறகு அந்த முட்டையிலிருந்து புகையான் வராது, குளவிதான் வரும். ஆனால் அந்தக் குளவி உயிரோடு இருக்கத் தேனும் மகரந்தமும் வேண்டும். "நம்ம கழனியில நெல்லத் தவிர என்னக்கா இருக்கு? அது சாப்பாட்டுக்கு எங்க போகும்?" என்று கேட்டார். வரப்பில் காராமணி, செண்டுமல்லி, எள், சூரியகாந்தி வைத்தால் ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும், அவை தங்கும். மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான் என்றார். அடித்தவுடன் பூச்சி செத்து விழுகிற மருந்து இல்லை இது, ஒரு போகத்தில் பலன் கைக்கு வராமலும் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றார். கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வீட்டில் சீட்டைக் காட்டினேன். என் கணவர் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நம்ம வரப்பு ஒரு சாண் அகலங்கூட இல்ல. அதுல செடி எப்படி நிக்கும்? மொதல்ல வரப்ப அகலம் பண்ணணும்" என்றார். அதுதான் அவர் சம்மதம் சொன்ன விதம்.

ஆடியில் ஆள் வைத்து வரப்பை இரண்டு முழம் அகலமாக்கினோம். தியாகதுருகம் போகிற வழியில் உள்ள ஒரு நாற்றுத் தோட்டத்தில் செண்டுமல்லி நாற்று வாங்கி ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். காராமணி, சூரியகாந்தி விதைகளும் எள்ளும் ஊரிலேயே கிடைத்தன. வேலைக்குப் போகும் முன் விடிகாலையில் போய் ஒவ்வொரு பக்கமாக நட்டேன். புரட்டாசியில் நெல் நட்டபோது எட்டடிக்கு ஓரடி இடம் விட்டு நடச் சொன்னோம். காற்றும் வெயிலும் அடித்தூர்வரை போக வேண்டும் என்பதற்காக. நடவுப் பெண்கள் இடத்தை வீணாக்குகிறீர்களே என்று குறைப்பட்டார்கள். டீக்கடையில் நர்சம்மா பூ வியாபாரத்துக்கு இறங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளாடுகள் ஒரு பக்கத்துக் காராமணியை மேய்ந்துவிட்டன. ஐப்பசி மழை தொடர்ந்து பெய்ததில் எள் அழுகிப்போனது. கிளிகள் சூரியகாந்தியை மிச்சம் வைக்கவில்லை. செண்டுமல்லியும் பாதிக் காராமணியும்தான் நின்றன. மழை விட்ட ஒரு காலையில் போய்ப் பார்த்தால் நான்கு பக்கமும் மஞ்சளாகப் பூத்திருந்தது.

அன்று சாயங்காலம் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக் கழனிக்குக் கூட்டிப்போனேன். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வரப்பில் போட்டு உட்கார வைத்தேன். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பயிரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் போக வேண்டும் என்றார். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். மதியம் யாராவது வண்டியில் கூட்டி வருவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மதியம் நானே அழைக்கப் போனபோது, அவர் தரையில் இறங்கி, மரத்துப்போன கால்களைச் சேற்றில் நீட்டி உட்கார்ந்து, ஒரு நெல் தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார்.

"முப்பது வருஷமா இந்தக் கழனியில இருக்கறன். எது இன்னா பூச்சின்னு ஒரு நாளும் பாத்ததில்ல. பூச்சின்னா அடிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். அவர் கைகளில் சேறு காய்ந்திருந்தது.

பக்கத்துக் கழனிக்காரர் கார்த்திகைத் தொடக்கத்தில் கூலிக்கு ஆள் வைத்து மருந்து அடித்தார். காற்று எங்கள் பக்கம் வீசியது. மறுநாள் அந்தப் பக்கத்து வரப்பில் செண்டுமல்லி இலைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வாய்க்கால் தண்ணீரில் தட்டான்கள் சிறகு விரித்தபடி மிதந்தன. பொறிவண்டுகள் இலைக்கடியில் கவிழ்ந்து கிடந்தன. என் கணவர் ஒன்றிரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கும் புரிந்தது. தன் இடுப்போடு கட்டிக்கொண்டு வந்து உயிரைக் காப்பாற்றிய மனிதரிடம், உன் பயிருக்கு மருந்து அடிக்காதே என்று எந்த வாயால் சொல்வது? பத்து நாள் கழித்து அவர் இன்னொரு முறை அடித்தார். அப்போதும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கழனியில் புகையான் கண்டது. அந்தப் பக்கத்து வரப்பை ஒட்டித்தான் முதலில் விழுந்தது. ஒரு முறம் அகலத்துக்குப் பயிர் மஞ்சளித்தது. இரண்டு நாளில் அது ஒரு பாய் அளவுக்கு ஆனது. ஆபீஸ் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து விடுப்பில் இருந்தார். குழந்தை அழுதுகொண்டிருக்கும்போதே சொன்னார்: தண்ணீரை வடியுங்கள், யூரியா போடாதீர்கள், பயிரை விலக்கி வெளிச்சம் விடுங்கள், கொஞ்சம் பொறுங்கள். சரி என்றேன். ஆனால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து சங்கராபுரம் போய் ஒரு பாட்டில் மருந்து வாங்கினேன். பிறகு மனசுக்குள் பல தடவை அந்த நிமிடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். கணவரை அந்த மருந்தால் இழக்க இருந்தவள், கூலிக்கு ஆள் வைக்க மாட்டேன் என்று பேசியவள், அதே வகை பாட்டிலைத் தாளில் சுற்றி வாங்கி ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பயம் என்றால் அப்படித்தான் இருக்கிறது. ஒரு போகம் தரிசு போட்ட நிலம், இந்தப் போகமும் போனால் அவர் மறுபடி கட்டிலுக்கே போய்விடுவார் என்று தோன்றியது. யாரையும் வைக்காமல் நானே முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அந்த ஒரு மூலைக்கு மட்டும் அடித்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது அவர் வாசலில் நின்றிருந்தார். தாளைப் பிரிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"யாரு அடிக்கப் போறது?" என்று கேட்டார்.

"நான்தான். மூலைக்கு மட்டும்" என்றேன்.

"எனக்கு ஆனப்ப ஊசி போட நீ இருந்த. ஒனக்கு ஆனா யாரு போடுவா? எனக்கு இன்னா தெரியும்?" என்றார். குரல் உயரவில்லை. "பயிரு போனா போவட்டும். அத வெளியில வெய்யி. வூட்டுக்குள்ள கொண்டாராத."

நான் பாட்டிலை வெளியே திண்டின்மேல் வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் விழுந்த நாளிலிருந்து நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை கடையில் திருப்பிக் கொடுத்தேன். சீல் உடைக்காததால் வாங்கிக்கொண்டார்கள். இது கேட்காதா, வேறு மருந்து தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

அன்று விடுப்பு சொல்லிவிட்டுக் கழனிக்குப் போனோம். மடையைத் திறந்து தண்ணீரை வடித்தோம். இரண்டு பெண்களை வைத்துப் பயிரை வரிசை வரிசையாக விலக்கி வெளிச்சம் விட்டோம். காய்ந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பச்சையாக இருந்த ஒரு தூரை அவர் எனக்கு விலக்கிக் காட்டினார். புகையான் இருந்தது. அதே தூரில் சின்னச் சிலந்திகள் ஓடின. பச்சை நிறத்தில் கொசு அளவு இன்னொரு பூச்சி இருந்தது. அது புகையானின் முட்டையைக் குத்திக் குடிப்பது என்று ஆபீஸ் பெண் சொல்லியிருந்தார். நான்கு தூர் தள்ளிப் பார்த்தாலும் அவை இருந்தன. பக்கத்துக் கழனியை ஒட்டிய ஓரத்தில் மட்டும் அவை இல்லை. வெறும் புகையான்தான். அவர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். போய்ப் பேசலாம் என்றார்.

பக்கத்துக் கழனியின் மோட்டார் கொட்டகைக்கு எங்கள் நாற்காலியிலிருந்து இருநூறு அடி தூரம்கூட இருக்காது. போய்ச் சேர வெகுநேரமாயிற்று. ஒரு கையில் கோல், இன்னொரு கை என் தோளில். ஈர வரப்பில் அவர் இடது காலை ஒவ்வொரு முறையும் நான் குனிந்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. கழனிக்காரர் நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு எதிரே வந்தார். ஏன் இந்தக் காலோடு நடந்து வர வேண்டும், கூப்பிட்டால் வந்திருக்க மாட்டேனா என்றார்.

என் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "அண்ணே, மருந்து அடிக்காதீங்கன்னு சொல்ல வரல. நம்ம வரப்ப ஒட்டி பத்தடிக்கு மட்டும் அடிக்காம வுட்டுடுங்க. அந்தப் பத்தடியில நெல்லு கம்மியானா, என் களத்துலேர்ந்து எடுத்துக்கோங்க."

கழனிக்காரர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அன்னிக்கி என் கழனிக்கி அடிச்சிட்டுத்தான நீ வுழுந்த" என்றார். "ஒன் நெல்ல நான் வாங்குவனா?"

அந்தப் பத்தடியை விடுவாரா, அடிப்பாரா, எதுவும் தெரியாமல் நாங்கள் வந்த வழியே திரும்பினோம். நான்கு நாள் கழித்து அவர் கழனியில் மறுபடி மருந்து அடித்தார்கள். அடிக்க வந்த ஆளோடு அவரே கூட நின்றார். எங்கள் வரப்பிலிருந்து பத்தடி தள்ளி ஒரு குச்சி நட்டு, அதில் தன் துண்டைக் கட்டிவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் அந்த ஆளை வரவிடவில்லை. காற்று திரும்பியதும் நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுநாள் மிச்சத்தை அடிக்கச் சொன்னார். இதை எல்லாம் என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்று மாலை என்னிடம் சொன்னார்.

தை அறுவடையில் எங்களுக்கு வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் விளைந்தது. காய்ந்த இடம் எங்கள் வீட்டு முன்னறை அளவுக்குப் பரவி அதோடு நின்றது. இன்னொரு இடத்தில் சின்னதாக ஒன்று. மற்றபடி பயிர் நின்றது. மூன்று முறை மருந்து அடித்த பக்கத்துக் கழனியிலும் அதே அளவு இடம் காய்ந்திருந்தது. பூவால்தான் எங்கள் பயிர் நின்றது என்று நான் சாதிக்க மாட்டேன். தண்ணீர் வடித்ததும், இடம் விட்டு நட்டதும், அந்த மாதம் வெயில் அடித்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆபீஸ் பெண்ணும் அதையேதான் சொன்னார். ஆனால் அந்தப் போகம் முழுவதும் எங்கள் கழனிக்கு நாங்கள் ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. அந்த நெல்லில் முதல் மரக்காலைக் கோயிலுக்குக் கொடுத்தோம்.

அடுத்த சம்பாவிலும் அப்படியே செய்தோம். எள்ளை விட்டுவிட்டோம். வேலி கட்டியதால் ஆடு வரவில்லை. பக்கத்துக் கழனிக்காரர் கேட்காமலே பத்தடியை விட்டார். அந்தப் பத்தடியில் தன் பயிர் மோசமாகப் போகவில்லை என்று ஒருநாள் பொதுவாகச் சொன்னார். வரப்பில் என் கணவரோடு சில சமயம் வந்து உட்காருவார்.

அந்த மார்கழியில் ஒரு காலை பக்கத்துக் கழனிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. கூப்பிட்டார்கள், ஓடினேன். நாடி இல்லை. நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். நான் போவதற்கு முன்பே முடிந்திருந்தது. வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ வந்தால் பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன் என்றார்கள். நான் அவர்களைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைப்பூ வர நேரமாகும், உங்கள் வரப்பில் செண்டுமல்லி இருக்கிறதே, கொஞ்சம் பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். பயிர் பால் பிடிக்கும் நேரம். புகையான் வருகிற நேரமும் அதுதான். ஒரு பக்கம் மட்டும் பறித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது, வெளியே சொல்லவில்லை.

"எல்லாத்தியும் பறிச்சிக்கினு போங்க. நாலு வரப்பும்" என்றார் அவர்.

கூடை கூடையாகப் பறித்தார்கள். நானும் போய்ப் பறித்தேன். ஒவ்வொரு பூவிலும் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருந்தது. தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் பறித்தோம். பாடை முழுக்க மஞ்சளாக இருந்தது. மிச்சத்தைத் தெரு நெடுக இறைத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் கோலை ஊன்றி ஏரிக்கரைத் திருப்பம்வரை நடந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. அங்கேயே நின்று பறைச் சத்தம் கேட்காமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பூ இல்லாத வரப்பு பன்னிரண்டு நாள் பச்சையாக நின்றது. அதற்குப் பிறகு மொட்டு விட்டது. அந்தப் போகத்தில் புகையான் பெரிதாக வரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் வேறு மாதிரி செய்திருக்க மாட்டோம்.

ஆபீஸ் பெண் மாற்றலாகிப் போய்விட்டார். போகும் முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கழனியைப் பார்த்தார். என் கணவருக்கு வலது கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இடது கால் அப்படியேதான் இருக்கிறது. இப்போது சேற்றில் தானாக இறங்கி ஏறுகிறார். பக்கத்துக் கழனிக்காரரின் மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். இந்த வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். எடுத்தவர் நைனார்பாளையம் பக்கத்து ஆள். எங்களுக்குப் பழக்கம் இல்லாதவர். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரைப் பார்க்கப் போனோம். என் கணவர் தன் காலைக் காட்டவில்லை. நடந்த எதையும் சொல்லவில்லை. வரப்பை ஒட்டிப் பத்தடி விட முடியுமா என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் எங்கள் வரப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். குத்தகை எடுத்த நிலத்தில் பத்தடி என்பது சின்ன விஷயம் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பயிர் இப்போதுதான் தூர் கட்டுகிறது, மருந்து அடிக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் இன்னொரு தடவை போய் அவரோடு பேசலாம் என்றிருக்கிறோம்.